டெல்டாவிலிருந்து சென்னைக்கு ராக் ஷோ பார்க்கப் போகிறவர்களுக்கு

மன்னார்குடி, பட்டுக்கோட்டை, கும்பகோணம் பக்கத்துப் பிள்ளைகள் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். போனில் கேட்டுக்கொண்டிருக்கிற இண்டி பேண்டை, அதாவது சொந்தமாகப் பாட்டு எழுதி வாசிக்கிற குழுவை, நேரில் பார்க்கணும், சென்னைக்குத்தான் போகணும், டிக்கெட் எங்கே எடுப்பது, தனியாகப் போய் நின்றால் ஒரு மாதிரி இருக்குமா, இங்கிலீஷ் சரியாக வராதவனை உள்ளே விடுவார்களா? விடுவார்கள். போனில் க்யூஆர் கோடு இருந்தால் யாரையும் விடுவார்கள். ராத்திரி முழுக்க சாமி புறப்பாட்டின் பின்னால் தவில் கேட்டுக்கொண்டே நடந்த ஊர்க்காரர்களுக்குச் சத்தமான இசையை நின்றபடி கேட்பது எப்படி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிக்கல் எல்லாம் ரயிலிலும் நேரத்திலும் வாசல் கேட்டிலும்தான் இருக்கிறது. அதனால் இதில் இசையைப் பற்றிக் கொஞ்சம், வண்டியைப் பற்றி நிறைய இருக்கும்.

ஒரே ஒரு விதி மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: திட்டத்தைத் திரும்பி வருகிற வண்டியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ஷோவிலிருந்து முன்னோக்கிப் போட்டால் ராத்திரி பதினொன்றரைக்கு வேளச்சேரியில் ஆட்டோக்காரரோடு பேரம் பேசிக்கொண்டு நிற்பீர்கள்.

முதலில் பேண்ட்

திருவிழா ஆர்க்கெஸ்ட்ரா பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். ஆர்க்கெஸ்ட்ராவில் எல்லாப் பாட்டும் நமக்கு மனப்பாடம், சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பினால் கேட்டதைப் பாடுவார்கள். இண்டி பேண்ட் தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப்போட்ட பாட்டைத்தான் வாசிக்கும். பின்னால் சினிமா கிடையாது, பெரிய கம்பெனி கிடையாது, பேண்டில் பாதிப் பேர் பகலில் வேறு வேலை பார்க்கிறவர்களாக இருப்பார்கள். அங்கே போய் "இளையராஜா ஒண்ணு போடுங்கண்ணே" என்று கத்தினால் சிரித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போவார்கள், ஆனால் அது அவ்வளவு நல்ல சிரிப்பு இல்லை.

ஆகவே வீட்டுப்பாடம் கொஞ்சம் உண்டு. அந்த பேண்டின் கடைசியாக வந்த பாட்டுகளில் இரண்டு மூன்று, அவர்களுடைய பாட்டுகளில் அதிகம் பேர் கேட்டது ஒன்றிரண்டு, இவ்வளவு போதும். புதுசை நடுவில் வாசிப்பார்கள், பிரபலமானதைக் கடைசிக்கு வைத்திருப்பார்கள், கூட்டம் சேர்ந்து பாடுவதும் அதைத்தான். அப்புறம் முக்கியமாக, யூடியூபில் அவர்களுடைய நேரடி மேடை வீடியோ ஒன்றாவது முழுதாகப் பாருங்கள். ஸ்டுடியோவில் மெருகேற்றிய பாட்டு வேறு, மேடையில் வியர்வையோடு வருகிற பாட்டு வேறு. மேடை வீடியோவில் பத்து நிமிடத்துக்குள் உங்களுக்குக் கொட்டாவி வந்தால் 340 கிலோமீட்டர் போய் நின்றாலும் அதேதான் வரும், ரயில் காசை மிச்சம் பிடியுங்கள்.

யாரிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், சென்னை பேண்ட்களில் ஆங்கிலத்தில் பாடுகிற ஸ்க்ராட், தி எஃப்16ஸ் இரண்டையும் கேட்டுப் பாருங்கள். முதலாவது நேராக மூஞ்சியில் அடிக்கிற மாதிரியான கித்தார், இரண்டாவது ஆட வைக்கிற ரகம், கீபோர்டுக்கு அதில் நல்ல இடம் உண்டு. தமிழில் வேண்டும் என்றால் கபேர் வாசுகி, டென்மா என்ற இரண்டு இசைக்கலைஞர்கள் சேர்ந்து 'குரங்கன்' என்ற பெயரில் செய்த பாட்டுகளைத் தேடுங்கள். டென்மா பிறகு பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையத்தோடு சேர்ந்து தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழுவைக் கட்டினார், 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறினார்கள். கானா, பறை, ராப், எலெக்ட்ரிக் கித்தார் எல்லாம் ஒரே மேடையில். இது ராக்கா இல்லையா என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும், முன்வரிசையில் நின்றால் அந்தச் சந்தேகம் வராது.

திருவையாற்றுப் பக்கத்து ஆளாக இருந்தால் பெங்களூருவின் 'அகம்' பேண்டிலிருந்து ஆரம்பிக்கலாம். 2003இல் தொடங்கியவர்கள், தியாகராஜ கீர்த்தனையை டிரம்ஸ், கித்தார் நடுவில் போட்டு வாசிக்கிறவர்கள். ஆராதனைக்குப் போகிற அப்பாவையும் இழுத்துப் போகலாம், அவர் திட்டிக்கொண்டே தாளம் போடுவார். கேரளத்திலிருந்து அவியல், தைக்குடம் பிரிட்ஜ், டெல்லியிலிருந்து 1990இல் தொடங்கிய இந்தியன் ஓஷன் என்று வெளியூர் பேண்ட்களும் சென்னைக்கு வருவதுண்டு. ஆனால் முதல் தடவைக்குப் பெரிய பெயர் வேண்டாம் என்பது என் கட்சி. பெரிய மேடையில் நீங்கள் பார்ப்பது எல்.இ.டி திரையைத்தான். இருநூறு பேர் கொள்ளும் அறையில் டிரம்மரின் கால் பெடலை மிதிப்பது தெரியும், கித்தார்காரர் பாட்டுக்கு நடுவில் குனிந்து தரையில் இருக்கிற, கித்தார் ஒலியை மாற்றுகிற பெடலைத் திருகுவது தெரியும், மேடைத் தரையில் டேப் வைத்து ஒட்டியிருக்கிற பாட்டு வரிசைச் சீட்டைக்கூடக் கொஞ்சம் எக்கினால் படித்துவிடலாம்.

எங்கே நடக்கும், எப்படித் தெரியும்

சென்னையில் ஷோ நடக்கிற இடங்கள் ஏன் இவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பெங்களூரு மாதிரி தெருவுக்கு ஒரு பப் இங்கே கிடையாது. மதுவைச் சில்லறையில் விற்பது டாஸ்மாக், தனியார் பார் என்றால் பெரும்பாலும் நட்சத்திர ஓட்டலுக்குள்ளோ கிளப்புக்குள்ளோதான். அதனால் பேண்டுக்குக் கிடைக்கிற இடம் ஓட்டல் பார், இல்லாவிட்டால் ஆடிட்டோரியம், கல்லூரி மைதானம், மால் முற்றம் என்று போய்விடுகிறது. எந்த மாதிரி இடம் என்று பார்த்தாலே அன்றைய ராத்திரி எப்படிப் போகும் என்று பாதி தெரிந்துவிடும்.

ஓட்டல் பார் என்றால் வயது 21 ஆகியிருக்க வேண்டும், தமிழ்நாட்டில் சட்டம் அப்படி. நீங்கள் எலுமிச்சை ஜூஸ் மட்டும் குடிக்கிறவர் என்பது வாசலில் நிற்கிறவருக்கு முக்கியமில்லை, அட்டையில் பிறந்த தேதி என்ன என்பதுதான் முக்கியம். கல்லூரி முதல் வருடப் பிள்ளைகள் போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிற வயது வரம்பைப் படிக்காமல் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள், பணம் திரும்ப வராது.

ஆடிட்டோரியம் என்றால் உட்கார நாற்காலி உண்டு, ஓரளவு சொன்ன நேரத்துக்கு ஆரம்பிப்பார்கள், வயதுத் தொல்லை பெரும்பாலும் இல்லை. நம் ஊர்க்காரர்களுக்கு இதில் எழும்பூர் மியூசியம் தியேட்டரை அடிக்க ஆள் கிடையாது. 1896இல் கட்டிய அரங்கம், பாந்தியன் சாலையில் அருங்காட்சியக வளாகத்துக்குள் இருக்கிறது. எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போய், நடந்தே திரும்பி வண்டி ஏறலாம். சேத்துப்பட்டு ஹாரிங்டன் சாலையில் சர் முத்தா வெங்கடசுப்பா ராவ் அரங்கமும் ஸ்டேஷனுக்கு ரொம்பத் தூரமில்லை. வேளச்சேரி ஃபீனிக்ஸ் மாலில் அவ்வப்போது முற்றத்தில் பேண்ட் வாசிக்கும், ஆனால் அங்கிருந்து எழும்பூர் வந்து சேர்வது தனிக் கதை.

சில தேதிகளைக் காலண்டரில் குறித்து வைக்கலாம். ஜூன் 21 உலக இசை நாள், நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸ் அதையொட்டி நிகழ்ச்சி வைப்பது வழக்கம், அன்று நகரத்தில் வேறு இடங்களிலும் ஏதாவது நடக்கும். ஜனவரியில் ஐஐடியின் சாரங் விழா, அதன் திறந்தவெளி அரங்கில் ராத்திரி ஷோக்கள். டிசம்பரில் சபாக்கள் ஒரு பக்கம் நடக்கும்போதே நீலம் நடத்துகிற 'மார்கழியில் மக்களிசை' இருக்கிறது, 2020இல் தொடங்கியது. பறையும் கானாவும் கேட்கப் போய் அப்படியே சுயாதீனக் கலைஞர்கள் நாலு பேரைத் தெரிந்துகொண்டு வரலாம்.

மற்ற நாட்களுக்கு இன்ஸ்டாகிராம்தான். பேண்டை மட்டும் பின்தொடர்ந்தால் போதாது, நடத்துகிற இடத்தையும் பின்தொடருங்கள். பேண்ட் மூன்று மாதம் சும்மா இருக்கும், இடம் வாராவாரம் ஏதாவது போடும். புக்மைஷோ, டிஸ்ட்ரிக்ட், ஸ்கில்பாக்ஸ் போன்ற டிக்கெட் ஆப்களில் ஊரைச் சென்னை என்று மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். போனில் தானாகவே தஞ்சாவூர் என்று எடுத்துக்கொண்டால் சினிமா மட்டும்தான் காட்டும்.

ஷோ டிக்கெட்டுக்கு முன்னால் ரயில் டிக்கெட்

வரிசை மாறக் கூடாது. ஷோ டிக்கெட் எடுத்துவிட்டால் ரத்து செய்ய முடியாது, ரயில் டிக்கெட்டை ரத்து செய்யலாம். உறுதியான டிக்கெட்டைச் சில நாள் முன்பே ரத்து செய்தால் ஒரு கட்டணம் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள், அவ்வளவுதான். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன் திறக்கிறது, சின்ன பேண்ட்களின் ஷோ அறிவிப்போ மூன்று நாலு வாரம் முன்னால்தான் வரும். அறிவிப்பு வந்த அன்றே, போஸ்டரை நண்பர்கள் குரூப்பில் பகிர்ந்து "யார் யார் வர்றீங்க" என்று வாக்கெடுப்பு நடத்துவதற்கு முன்பே, போக வர இரண்டு பக்கமும் பதிவு செய்துவிடுங்கள். வருகிறேன் என்று சொன்ன ஐந்து பேரில் இரண்டு பேர் வருவார்கள், அது உலக வழக்கம்.

நமக்குச் சாதகமான ஒரு விஷயம் உண்டு. வார இறுதிக் கூட்டம் வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையிலிருந்து ஊருக்கு வரும், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஊரிலிருந்து சென்னைக்குப் போகும். ஷோ பார்க்கப் போகிற நாம் இதற்கு நேர் எதிர்த் திசை. சனிக்கிழமை ஷோ என்றால் வெள்ளி இரவு வண்டியில் ஏறி, சனி இரவோ ஞாயிறு இரவோ திரும்பினால் மற்ற நாளைவிடச் சுலபமாக இடம் கிடைக்கும். பொங்கல், தீபாவளி, பெரிய முகூர்த்த நாள் பக்கத்தில் இந்தக் கணக்கு செல்லாது.

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைக்காரர்களுக்கு இரவு வண்டி உழவன் எக்ஸ்பிரஸ். மன்னார்குடிக்கு மன்னை, காரைக்கால் பக்கத்துக்குக் கம்பன், திருச்சிக்கு மலைக்கோட்டை. இந்த இரவு வண்டிகள் சென்னையிலிருந்து ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறம் பதினொன்று, பதினொன்றரைக்குள் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிடும், அதனால் நேரத்தைப் பார்த்து எது உங்கள் ஷோவுக்குப் பொருந்துகிறது என்று முடிவு செய்யுங்கள். கும்பகோணத்துக்காரர் உழவனைத்தான் பிடிக்கணும் என்று சட்டம் இல்லை, ஷோ இழுக்கும் என்று தெரிந்தால் திருச்சி வண்டியில் ஏறி விடிந்ததும் பஸ் பிடித்துக்கொள்ளலாம். சோழன் பகல் வண்டி, ஞாயிறு காலை ஆற அமரத் திரும்புகிறவர்களுக்கு. இன்னொன்று, எழும்பூர் நிலையத்தில் புதுப்பிக்கும் வேலை நடப்பதால் சில வண்டிகளைத் தாம்பரத்திலிருந்து கிளப்புகிறார்கள். டிக்கெட்டில் ஏறுகிற இடம் என்ன என்று போட்டிருக்கிறதோ அதைப் படியுங்கள், பழக்க தோஷத்தில் எழும்பூருக்கு ஓடாதீர்கள்.

வண்டி கிடைக்காவிட்டால் பஸ். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து அரசு பஸ்கள் 2023 கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. ராத்திரி எப்போது போனாலும் ஏதாவது ஒரு பஸ் நிற்கும் என்பது அதன் பெரிய வசதி, நகரத்துக்குள்ளிருந்து அங்கே போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும் என்பது பெரிய தொல்லை. புறநகர் ரயிலில் வண்டலூர் வரை போய் அங்கிருந்து போவதுதான் மலிவு.

ஷோ டிக்கெட்

சீக்கிரம் எடுத்தால் விலை குறைவு, நாள் நெருங்க நெருங்கப் படிப்படியாக ஏறும். சின்ன இடங்களில் 300, 500 என்று ஆரம்பிக்கும், பெயர் பெரிதாகப் பெரிதாக ஆயிரத்தைத் தாண்டும். ஆப்காரர்கள் அதற்கு மேல் ஒரு கட்டணம் போடுவார்கள், கடைசிப் பக்கத்தில்தான் காட்டுவார்கள். பார்களில் 'கவர் சார்ஜ்' என்று நுழைவுக் கட்டணம் இருந்தால் அந்தப் பணத்துக்குச் சாப்பாடோ குடிப்பதற்கோ கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிடுங்கள். கழிக்கலாம் என்றால் அது செலவு மாதிரி தெரியாது, கழிக்க முடியாது என்றால் வெளியே இட்லி சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

யாரோ தெரியாதவர் "எக்ஸ்ட்ரா டிக்கெட் இருக்கு, ஜிபே பண்ணுங்க, அனுப்புறேன்" என்று கமெண்டில் வந்தால் வாங்காதீர்கள். ஒரே க்யூஆர் கோடை நாலு பேருக்கு விற்பது ரொம்பச் சுலபம், முதலில் போய் ஸ்கேன் செய்கிறவருக்குத்தான் கதவு திறக்கும். சின்ன ஷோக்களில் வாசலிலேயே டிக்கெட் கிடைப்பதும் உண்டு, ஆனால் டெல்டாவிலிருந்து போகிறவர் அந்தச் சூதாட்டம் ஆட வேண்டாம்.

கிளம்புகிற அன்று

பையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் வெளியூர்க்காரர்கள் கேட்டில் மாட்டுவது பையோடுதான். பெரிய முதுகுப்பை, ஹெல்மெட், தண்ணீர் பாட்டில், குடை, லைட்டர், சில இடங்களில் பவர் பேங்க் கூட உள்ளே விட மாட்டார்கள். உள்ளூர்க்காரர் வண்டியில் வைத்துவிட்டு வருவார், நாம் எங்கே வைப்பது? ஸ்டேஷனிலேயே வைப்பது. எழும்பூர் கிளோக் ரூமில் வைக்க ரயில் டிக்கெட்டும், பையில் ஒரு பூட்டும் வேண்டும். பூட்டில்லாத பையை வாங்க மாட்டார்கள், ஜிப்பில் மாட்டுகிற குட்டிப் பூட்டு ஒன்று வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்கள் மாற்றுத் துணியே இல்லாமல், பாக்கெட்டில் அடங்குகிற சாமானோடு போய்விடுவது இன்னும் உத்தமம்.

அசல் அடையாள அட்டை. ஸ்கிரீன் ஷாட் சில இடங்களில் செல்லாது. க்யூஆர் கோடை மட்டும் ஸ்கிரீன் ஷாட் எடுத்து வையுங்கள், ஓட்டல்களின் அடித்தளத்து பார்களில் சிக்னல் இருக்காது, கேட்டில் நின்று ஆப் சுற்றிக்கொண்டே இருக்கும், பின்னால் வரிசை முனகும். போன் சார்ஜை ராத்திரிக்கு மிச்சம் வையுங்கள், ரயில் டிக்கெட்டும் அதில்தான் இருக்கிறது.

உடை என்ன போட வேண்டும் என்று யாரும் பார்க்க மாட்டார்கள். கறுப்பு டீ ஷர்ட் கூட்டம் கொஞ்சம் இருக்கும், மற்றபடி ஆபீஸிலிருந்து நேராக வந்தவர்கள்தான். செருப்பு மட்டும் வேண்டாம். முன்வரிசையில் குதிக்கிறவர்களின் ஷூ உங்கள் கால் விரல் மேல்தான் வந்து இறங்கும். சில ஓட்டல் பார்களில் செருப்போடும் அரைக்கால் டிரவுசரோடும் போனால் உள்ளேயே விடமாட்டார்கள், கேட்டால் விதி என்பார்கள்.

காதுக்குப் பஞ்சு போன்ற அடைப்பான், மருந்துக்கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கும், சில்லறைக் காசுதான். இதைக் கிண்டல் செய்கிறவர்களை விட்டுத்தள்ளுங்கள். மூடிய அறையில் ராக் பேண்டின் சத்தம் 100 டெசிபலைச் சாதாரணமாகத் தொடும், 85 டெசிபலுக்கு மேல் நெடுநேரம் கேட்டாலே காதுக்குக் கெடுதல் என்று வைத்திருக்கிறார்கள். மேடையில் வாசிக்கிறவர்களே காதில் ஏதாவது மாட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். ஃபோம் அடைப்பானை விரலால் உருட்டி மெலிதாக்கி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்துச் செருகி, அது விரியும் வரை அழுத்திக்கொண்டிருங்கள். சும்மா வாசலில் ஒட்டி வைத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

சாப்பாட்டை ஷோவுக்கு முன்னால் முடியுங்கள். ஆறு மணிக்கு டிபன். ஷோ முடிந்து சாப்பிடலாம் என்று நினைத்தால் வண்டிக்கும் இட்லிக்கும் நடுவில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

உள்ளே

போஸ்டரில் ஏழு மணி என்று இருந்தால் அது கதவு திறக்கிற நேரம். ஏழே முக்கால், எட்டுக்கு முதல் பேண்ட் ஏறும். முக்கிய பேண்ட் எட்டரைக்கோ ஒன்பதுக்கோ. திறந்தவெளி என்றால் பத்து மணிக்கு நிறுத்தியாக வேண்டும், 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. இது நம் மாதிரி ரயில் பிடிக்கிறவர்களுக்குக் கடவுள் கொடுத்த விதி. மூடிய அரங்கத்திலும் பாரிலும் அது இழுக்கலாம், அதனால் நடத்துகிற இடத்துக்கு முன்கூட்டியே ஒரு செய்தி அனுப்பி "மெயின் பேண்ட் எத்தனை மணிக்கு ஏறும்" என்று கேளுங்கள். பதில் சொல்வார்கள், அவர்களுக்கும் இது வழக்கமான கேள்விதான்.

முதல் பேண்டைத் தவறவிடாதீர்கள். உள்ளூர் ரசிகர்கள் பலர் ஒன்பது மணிக்குத்தான் வருவார்கள், அறை பாதி காலியாக இருக்கும், மேடைக்கு மூன்றடி தள்ளி நிற்கலாம். இன்றைக்குப் பெரிய போஸ்டரில் இருக்கிற பேண்ட்களில் பல, காலி அறைக்கு முன்னால் வாசித்து வந்தவைதான். இரண்டு பேண்டுக்கும் நடுவில் கால் மணி, அரை மணி இடைவெளி வரும். வயரைக் கழற்றுவார்கள், வேறு டிரம்ஸை இழுத்து வைப்பார்கள், ஒருவர் "செக், செக்" என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார். கழிவறை, தண்ணீர் எல்லாம் முதல் பேண்ட் முடிகிற கடைசிப் பாட்டிலேயே முடித்துவிட்டால் இந்த இடைவெளியில் முன்னால் நகரலாம்.

எங்கே நிற்பது என்பதுதான் பெரிய விஷயம். எல்லோரும் முன்வரிசைக்குத்தான் ஓடுவார்கள், முகம் நன்றாகத் தெரியும், ஆனால் பாட்டு சரியாகக் கேட்காது. காரணம் எளிது. பாடகரின் குரல் வருகிற பெரிய ஸ்பீக்கர்கள் மேடையின் இரண்டு ஓரத்தில், கூட்டத்தைப் பார்த்து இருக்கும். நடுவில் மேடையை ஒட்டி நின்றால் அந்தக் குரல் உங்களைத் தாண்டிப் போய்விடும், டிரம்ஸும் மேடையில் இருக்கிற கித்தார் ஆம்ப் என்ற ஒலிபெருக்கிப் பெட்டியும் மட்டும் நேராக நெஞ்சில் அடிக்கும். நல்ல ஒலி வேண்டுமானால், ஒலி மேசையோடு ஒருவர் நின்று கைப்பிடிகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பார் இல்லையா, அவருக்கு முன்னால் போய் நில்லுங்கள். அவர் தன் காதுக்குச் சரியாக இருக்கிற மாதிரிதான் வைப்பார். நான் முதல் நாலு பாட்டு முன்னால், மிச்சம் அந்த மேசைக்குப் பக்கத்தில் என்று பிரித்துக்கொள்கிறவன். ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் மட்டும் நிற்காதீர்கள், அடைப்பான் போட்டிருந்தாலும்.

கனமான ரக பேண்ட் என்றால் நடுவில் வட்டமாக இடம் விட்டு ஒருவரை ஒருவர் தோளால் இடித்துக்கொண்டு சுற்றுவார்கள். சண்டை இல்லை, பயப்பட வேண்டாம். பிடிக்காவிட்டால் இரண்டடி பின்னால் வந்துவிடுங்கள், யாரும் இழுக்க மாட்டார்கள். உள்ளே போனால் ஒரு மரியாதை உண்டு, யாராவது விழுந்தால் சுற்றியிருப்பவர்கள் உடனே நின்று தூக்கிவிடுவார்கள், நீங்களும் அப்படித்தான். கண்ணாடி போட்டவர்கள் கழற்றிப் பாக்கெட்டில் போடுங்கள்.

பெண்கள் தனியாக வருகிறார்களா என்றால், வருகிறார்கள், நிறைய. இடம் தெரியாத முதல் தடவைக்கு ஒரு தோழியோடு போவது நல்லது, அது இசைக்காக இல்லை, ராத்திரிப் பயணத்துக்காக. கூட்டத்தில் யாராவது கை வைத்தால் பொறுத்துக்கொண்டு நகர வேண்டாம், ஓரத்தில் நிற்கிற பாதுகாப்பு ஆளிடமோ ஒலி மேசை ஆளிடமோ நேராகப் போய்ச் சொல்லுங்கள். ஷோ நடத்துகிறவர்களுக்குத் தங்கள் பெயர் முக்கியம், பெரும்பாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள். ராத்திரி வண்டிக்கு நேரம் இருந்தால் எழும்பூரில் பெண்களுக்கான காத்திருப்பு அறை இருக்கிறது. தங்குவதாக இருந்தால் ஸ்டேஷனுக்கு எதிரே கென்னட் லேன் முழுக்க லாட்ஜ்தான், ஆனால் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ரயில்வே ஓய்வறையே மேல். உறுதியான டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணை வைத்து ஐஆர்சிடிசியிலேயே பதிவு செய்யலாம்.

போனை உயர்த்திப் பிடித்து முழுப் பாட்டையும் பதிவு செய்கிறவர்களை எனக்குப் பிடிக்காது, ஆனால் எல்லோரும் செய்கிறார்கள். அரை நிமிடம் எடுங்கள், ஃபிளாஷை அணைத்துவிட்டு எடுங்கள், அப்புறம் பின்னால் நிற்கிறவருக்கு மேடையைக் காட்டுங்கள். அந்த அரை நிமிடத்தை பேண்டின் பெயரைச் சேர்த்துப் போட்டால் அவர்களே எடுத்துப் பகிர்வார்கள், அடுத்த ஷோவுக்கு அது அவர்களுக்கு விளம்பரம்.

டீ ஷர்ட், ஸ்டிக்கர் விற்கிற மேசை ஒன்று இருக்கும். காசு இருந்தால் ஏதாவது வாங்குங்கள். போனில் ஆயிரம் தடவை கேட்டாலும் பேண்டுக்குப் போய்ச் சேர்வது சொற்பம்தான், மேசையில் கொடுக்கிற பணம் பெரும்பாலும் நேராக அவர்கள் கைக்குப் போகும். பல சமயம் விற்பதும் பேண்ட் ஆட்களேதான். பேசலாம், "தஞ்சாவூரிலிருந்து வந்தோம்" என்று சொன்னால் நிஜமாகவே ஆச்சரியப்படுவார்கள்.

வெளியேறுவது

வண்டி பதினொன்றுக்கு என்றால் பத்து மணிக்கு இடத்தை விட்டு வெளியே இருங்கள், பாட்டு பாதியில் இருந்தாலும். கடைசிப் பாட்டு முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆப்பைத் திறப்பார்கள், ஆட்டோ கட்டணம் எகிறும், பதிவு செய்தது ரத்தாகும். கடைசிப் பாட்டுக்கு ஒரு பாட்டு முன்பே ஆட்டோவைப் பதிவு செய்வது ஒரு வழி. இன்னொரு வழி மெட்ரோ, எழும்பூரிலேயே நிலையம் இருக்கிறது, ஆனால் ராத்திரி பதினொன்று வாக்கில் கடைசி வண்டி போய்விடும், மெட்ரோ வழியில் இல்லாத இடங்களும் நிறைய. பிளாட்பாரத்துக்கு வந்தபின் காதில் ஒரு ரீங்காரம் இருந்தால் தூங்கி எழுந்ததும் போய்விட வேண்டும். ஓரிரு நாள் தாண்டியும் போகாவிட்டால் காது டாக்டரைப் பாருங்கள்.

சென்னை வேண்டாம் என்றால்

பெங்களூருக்குப் போகலாம், அங்கே ஷோக்கள் அதிகம். மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி வழியாகப் போகிற மைசூர் வண்டியில் சாயங்காலம் ஏறினால் விடியற்காலை பெங்களூருவில் இறங்கலாம். திரும்பி வருகிற வண்டி அங்கிருந்து மாலை ஏழு வாக்கிலேயே கிளம்பிவிடுவதால் ஷோ பார்த்த அன்றே ஊர் திரும்ப முடியாது, ஒரு ராத்திரித் தங்கலைச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். சீர்காழி, சிதம்பரம் பக்கத்துக்காரர்களுக்குப் புதுச்சேரியும் ஆரோவில்லும் சென்னையைவிடக் கிட்டே. ஆரோவில்லில் இலவசக் கச்சேரிகளும் நடக்கும், ராத்திரி அங்கிருந்து வெளியே வரச் சொந்த வண்டி இருந்தால்தான் சௌகரியம்.

பக்கத்திலேயே வேண்டும் என்றால் கல்லூரி விழாக்களைப் பாருங்கள். திருச்சி என்ஐடியின் ஃபெஸ்டம்பர் 1975இலிருந்து நடக்கிறது, பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரை ஒட்டி. தஞ்சாவூர் பக்கத்துத் திருமலைசமுத்திரத்தில் சாஸ்திரா பல்கலைக்கழகத்தின் விழாவான குருக்சாஸ்த்ரா வருடத் தொடக்க மாதங்களில் நடக்கும். ராத்திரி பெரிய ஷோவுக்கு வருகிறவர்கள் சினிமாப் பாடகர்களாகவே இருக்கலாம், அதை விடுங்கள். பகலில் நடக்கிற பேண்ட் போட்டிதான் நமக்கு. வேறு வேறு ஊர்க் கல்லூரிகளின் பேண்ட்கள் வரிசையாக ஏறி ஆளுக்குக் கால் மணி நேரம் வாசிக்கும். வெளி ஆட்களை விடுவது வருடத்துக்கு வருடம் மாறும், கல்லூரி அடையாள அட்டை இருந்தால் பதிவு செய்துகொண்டு உள்ளே போவது எளிது. படிப்பை முடித்தவர்கள் அங்கே படிக்கிற தம்பி தங்கைகள் யாரையாவது பிடித்து விழாவுக்கு ஒரு மாதம் முன்பே பாஸ் கேட்டு வையுங்கள், விழா வாரத்தில் கேட்டால் போனையே எடுக்க மாட்டார்கள்.